கிளியாகார மீமாம்சை: புவனகிரிப் பாடம்

வெள்ளாற்றுக்குத் தெற்கே 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் முதலாக, அத்திசையிலிருந்து வரும் காற்று புவனகிரிக்கு ஆராய்ச்சி வாசனையையும் சேர்த்தே கொண்டுவருகிறது போலும். மனிதனுக்கு எந்த ஆகாரம் உகந்தது என்பதில் அக்கறையே இல்லாதவரும், கிளிக்கு எது உகந்தது என்ற வினா எழுந்த மாத்திரத்தில் பிரமாணங்களோடு திண்ணையேறிவிடுகிறார். அப்பிரமாணங்களைத் தொகுத்து, முரண்பட்டவற்றை மேலும் முரண்படச் செய்து, தெளிவாயிருந்த ஒன்றிரண்டையும் முறைப்படி குழப்பி வெளியிடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

கிளியுணவு, திருடியது, கொடுத்தது, சர்ச்சைக்குரியது, சம்பாதித்தது என நால்வகைப்படும்.

திருடியதே தொன்மையானது. தினைப்புனத்தில் கிளி கதிர் கொய்ததால்தான் தழலும் தட்டையும் குளிருமாகிய கருவிகளோடு தலைவி காவலுக்கு அனுப்பப்பட்டாள். காவலுக்கு வந்ததால்தான் தலைவன் கண்ணில் பட்டாள். அன்றைய கிளிகள் உணவுக் கட்டுப்பாடு அனுசரித்திருந்தால் குறிஞ்சித்திணையில் பாதி எழுதப்படாமலே போயிருக்கும். தேர்வெழுதும் மாணாக்கர் இதனை ஒரு குறையாகக் கருதார்.

கொடுத்ததில், கொய்யா, கோவைப்பழம், கீரை, முளைகட்டிய பயறு ஆகியவை நல்லவை என்பதும், சாக்லேட், காப்பி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை நஞ்சு என்பதும் ஐயமின்றித் தெரிந்தவையாதலால், ஆய்வாளனுக்கு இங்கே வேலையில்லை.

சர்ச்சைக்குரியது மிளகாய். மிளகாய் தின்ற கிளிக்கு நா தெளியும் என்பதில் இவ்வூரில் இரு கட்சியில்லை. பச்சையா, பழுத்ததா என்பதில்தான் பிளவு. மேலைத்தெருவார் பச்சை என்பர். ஆதாரம், அத்தெரு மூதாட்டியார் வாய்மொழி, திண்ணைக் காண்டம், வெற்றிலைப் படலம், இரண்டாம் மெல்லுதலுக்கும் முதல் துப்புதலுக்கும் இடைப்பட்ட பகுதி. கீழைத்தெருவார் பழுத்தது என்பர். ஆதாரம், மளிகைக் கணக்கு நோட்டுப் பின்னட்டை, எண்ணெய்க் கறைக்கு வடகிழக்கே, பென்சிலால் எழுதி எச்சிலால் அழிக்கப்பட்ட வரி. அழிக்கப்பட்ட வரியை எவ்வாறு வாசித்தீர் என வினவுவோர்க்கு, அவ்வரிக்கு மூன்று வியாக்கியானங்கள் ஏற்கெனவே உள்ளன என்பதும், மூன்றாம் வியாக்கியானகாரர் நோட்டையே பார்த்ததில்லையாதலால் அவர் கூற்றே நடுநிலையானது என்பதும் விடையாம்.

இங்கே ஒரு சரித்திரச் சங்கடம் குறுக்கிடுகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில்தான் நம் நாட்டுக்கு வந்தது. எனவே ஆண்டாளின் கிளியும் மீனாட்சியம்மையின் கிளியும் மிளகாயை அறிந்திருக்க வழியில்லை. அவை ஊமைகள் என்று ஒரு பேராசிரியரும், மிளகு தின்று பேசின என்று மற்றொருவரும் இனி எழுதுவர். ஒருவரையொருவர் அடிக்குறிப்பில் ஏசுவர். பின்னர் இருவரும் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்வர். உண்மையில் காரத்தை உணர்த்தும் பொருள் பறவையின் நரம்பில் உறைப்பதில்லை. வெறும் விதையே தின்று உயிர்ச்சத்து ஏ குறைந்து வாடும் கிளிக்குப் பழுத்த மிளகாயால் அச்சத்து கிட்டும். பேச்சுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இத்தனை எளிய முடிவால் எவர்க்கும் பட்டம் கிடைக்காதாகையால், இதனை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

எஞ்சியது சம்பாதித்த உணவு. ஜோதிடக் கிளி ஒரு சீட்டை எடுத்தால் ஒரு நெல்மணி பெறுகிறது. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது எங்கள் மாவட்டத்துத் தென்னம்பாக்கத்தில் அவ்வாறு ஊதியம் பெறும் கிளியொன்று, கடலூர்த் தொகுதியில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்தது. வனத்துறையினர் வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தனர். தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத் வென்றார். இதனால் நெல்மணி மாத்திரம் உண்ணும் கிளிக்கு அரசியல் ஞானம் குன்றும் என்பது பெறப்படும். ஒரே நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு ஒரு விதி செய்யலாமா என்று ஆட்சேபிப்போர், இதைக் காட்டிலும் சொற்பமான ஆதாரத்தின் மேல் எத்தனை நூல்களுக்குக் காலம் கணிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைந்து பொறுத்தருள்க.

அக்கிளிகள் பறிமுதலானது ஆரூடம் பிழைத்ததற்காக அன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலிட்டு வளர்ப்பதும் குற்றம். ஆகவே கூண்டுக்கிளியின் ஆகாரத்தைப் பற்றிய இச்சாஸ்திரம் முழுவதும், தொடக்கம் முதலே, சட்டத்துக்கு விரோதமான ஒரு ஜந்துவின் மேல் எழுப்பப்பட்டதாகும். வீட்டில் கிளி வைத்திருக்கும் புவனகிரி அன்பர்கள் அதனை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு, கொல்லைக் கொய்யாமரத்தின் உச்சிக் கிளையை மட்டும் வலை போட்டு மூடாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.