சந்தையை விட்டால் பிழைப்பு உண்டா?

கேள்வி: கைவினைப் பொருள் செய்து விற்பவர்கள் எட்ஸி போன்ற இணையச் சந்தைகள் இல்லாமல் பிழைக்க முடியுமா?

பதில்: அடியோடு விடுவது கடினம், பிடியைத் தளர்த்தலாம்.

2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த எட்ஸி, கையால் செய்பவர்களை உலகத்துக்குக் காட்டியது. அதற்காக அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணம் 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அதை எதிர்த்து ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையைச் சாத்தினார்கள். கட்டணம் இறங்கவில்லை. ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், நான்கு மாதம் கழித்து மறுபடியும் 20. பணம் பெறுவதற்குத் தனிப் பிடித்தம். ஓராண்டில் 10,000 டாலரை எட்டியவர் எட்ஸியின் வெளி விளம்பரத்திலிருந்து விலகவும் முடியாது. அதன் வழி நடக்கும் விற்பனையில் 12 சதவீதம் போய்விடும். கடை வளர்கிறது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தேய்கிறது!

போராடியவர்களில் சிலர் சோர்ந்துவிடாமல், உறுப்பினர்களே உரிமையாளர்களான ‘ஆர்ட்டிசன்ஸ் கோஆபரேட்டிவ்’ என்ற சந்தையைத் தொடங்கினார்கள். பாராட்ட வேண்டிய துணிச்சல்.

தனியாள் செய்யக்கூடியதும் உண்டு. முப்பது வகை வைத்திருப்பவர் நன்றாக ஓடும் ஐந்தோடு நின்றால் படமெடுப்பதும் இருப்புக் கணக்கும் வெகுவாகக் குறையும். அந்த நேரத்தில் உள்ளூர்க் கண்காட்சிக்குப் போய், வாங்குபவரின் சம்மதத்தோடு மின்னஞ்சல் முகவரியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம். தளம் கணக்கை முடக்கினாலும் அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் முடக்க முடியாது.