சாந்தன்பாறையும் எட்டெழுத்துச் சட்டமும்: டாஸ் கோப்புப் பெயர்கள் குறித்து ஓர் ஆய்வு

எம்எஸ்-டாஸ் என்பது சுட்டியோ சின்னங்களோ இன்றி, ஒவ்வோர் ஆணையையும் தட்டச்சு செய்தே வேலை வாங்கவேண்டிய பழைய இயங்குதளம். அது கோப்பின் பெயருக்கு 8 எழுத்துகளையும், புள்ளிக்குப் பின் கோப்பின் இனத்தைக் காட்டும் நீட்சிக்கு 3 எழுத்துகளையும் மட்டுமே ஒதுக்கியது. இவ்வழக்கம் 1970களின் சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்தது என்பது அறிந்ததே; அதனால் இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்ட ஊர்களிடையே விளைந்த ஏற்றத்தாழ்வுதான் ஆராயப்படாமல் கிடக்கிறது.

ஆங்கில எழுத்தில் பூப்பாறைக்கு 7, ராஜாக்காட்டுக்கு 8 ஆதலால் அவை சேதமின்றி நுழைகின்றன. ராஜகுமாரி 10 எழுத்து என்பதால் 'ராஜகுமா'வோடு நின்றுவிடுகிறாள். அம்மலையின் ஏலக்காய்கூட, 'கார்டமம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், 8 எழுத்தில் கச்சிதமாக அமர்கிறது; அது விளையும் சாந்தன்பாறையோ 11 எழுத்தாகையால் 'சாந்தன்ப்' என, உதடு மூடிய நிலையிலேயே அறுபடுகிறது. டாஸ் இதைப் பிழை என்றும் சொல்வதில்லை, மிச்சத்தைச் சத்தமின்றி உதிர்த்துவிடும். ஆகவே 'சாந்தன்பாறை1', 'சாந்தன்பாறை2' என்று ஒரே நீட்சியுடன் இரு கணக்குகளை நகலெடுத்தால், பழைய பதிப்புகளில் இரண்டாவது ஒரு வார்த்தை கேட்காமல் முதலாவதன் தலைமேல் ஏறி உட்காரும்.

1995இல் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்துகள்வரை இடமளித்தது. நீண்ட பெயர் 13 எழுத்துத் துண்டுகளாக்கப்பட்டு, கோப்புகளின் பதிவேடாகிய அடைவில் வைக்கப்பட்டது. பழைய மென்பொருள்களுக்கென ஒரு குறும்பெயரும் உடன் பிறந்தது. அதில் முதல் 6 எழுத்துகளே தப்பியதால் சாந்தன்பாறை 'சாந்தா~1' ஆயிற்று. ஒரு கிராமப் பஞ்சாயத்து பெண்ணாக மாறியதோடு வரிசை எண்ணும் பெற்றது.

இந்த இரட்டைப் பெயர் முறையை மைக்ரோசாஃப்டின் கண்டுபிடிப்பாகக் கொள்வது பொருந்தாது. மலையிறங்கி ஏலக்காய் ஏலத்துக்குச் செல்வோர், பலகையில் போடிநாயக்கனூர் என்றிருக்கும் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் 'போடி ஒண்ணு' என்றே டிக்கெட் கேட்பர். அலைக்குறி ஏதுமின்றி இரு பெயரும் ஓர் ஊரையே சுட்டுகின்றன. நீண்ட பெயருக்கு ஆங்கிலத்தில் 13 எழுத்து, மேற்சொன்ன துண்டு ஒன்றின் கொள்ளளவும் 13 என்பதைத் தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளட்டும்.

சாந்தன்பாறைக்கு டாஸிலேயே ஒரு மீட்சியும் உண்டு. முதல் 8 எழுத்தைப் பெயராகவும் கடைசி 3 எழுத்தை நீட்சியாகவும் கொண்டு 'சாந்தன்ப்.ஆறை' என்று சேமித்தால், வட்டில் அந்த 11 எழுத்தும் 11 பைட்டுகளில் இடைவெளியின்றி அமரும். ஏனெனில் புள்ளி வட்டில் எழுதப்படுவதே இல்லை, அது தட்டச்சுப் பலகைக்குச் செய்யும் மரியாதை மட்டுமே. வட்டின் பைட்டுகளை நேராகக் காட்டும் கருவியில் ஊர்ப்பெயர் முழுதாகத் தெரியும். இதில் எஞ்சும் இடர், ஓர் அடைவில் இத்தகைய கோப்பு ஒன்றுதான் இருக்கமுடியும் என்பதே. இரண்டாவது வேண்டுவோர் அதைப் பூப்பாறை பெயரில் சேமிக்கலாம், அங்கே இன்னும் ஓர் எழுத்துக்கு இடம் காலியாக உள்ளது.