செவிவழிச் சீடர்

குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் ஜூன் மாதத்தில் ஐந்தருவிக்கு வருவோருள், உடம்பில் எண்ணெய் பூசாமல், காதில் கருவி செருகி, அருவியின் பக்கமே திரும்பாது சாலையோரமாக விறுவிறுவென்று நடந்தபடி உரத்த குரலில் ஜெர்மன் பேசுபவர் ஒருவர் தென்பட்டால், அவரைச் செவிவழிச் சீடர் என்று வகைப்படுத்தலாம். ஆசானை நாடாமல் ஒலிப்பதிவைக் கேட்டே அயல்மொழி கற்க முனைபவர் என்பது பொருள். லண்டனில் 1901இல் லிங்குவாபோன் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு இவ்வினம் உண்டு. இசைத்தட்டு, கேசட், கைப்பேசி என்று வாகனங்கள் மாறினவேயன்றி, மூன்றாம் பாடத்தில் இளைப்பாறும் மரபு மாறவில்லை.

வீட்டிலிருந்தே கற்கவேண்டியவர் அருவிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. கேட்கும் ஒலியை நிழல்போல் ஒட்டித் தாமும் உடனுக்குடன் சொல்லிச் செல்வது 'நிழற்பேச்சு' எனத்தகும். அதை வேகமாக நடந்துகொண்டே உரக்கச் செய்யவேண்டும் என்பது அமெரிக்க மொழியறிஞர் அலெக்சாண்டர் ஆர்கெல்லஸ் பரப்பிய நெறி. தென்காசித் தெருவில் அதைக் கடைப்பிடித்தால் வீட்டார் வேப்பிலைக்கு ஆளனுப்புவர். ஐந்து கிளைகளாய் விழும் நீரின் இரைச்சலிலோ எந்தப் பிழையும் எவர் காதிலும் விழாது, சீடரின் காது உட்பட.

கற்ற சொல்லை 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம் என்று விரிந்துசெல்லும் இடைவெளிகளில் நினைவூட்டவேண்டும் என்று மொழிக்கல்வி அறிஞர் பால் பிம்ஸ்லர் 1967இல் வகுத்தார். முதலிரண்டு இடைவெளிகளைச் சீடர் வழுவாது காப்பார். மூன்றாவது அடுத்த சாரலுக்கு ஒத்திவைக்கப்படும். துணைவாக்கியத்தில் வினையை இறுதியில் நிறுத்தும் ஜெர்மன், தமிழருக்குச் சொந்த வீடுபோல் தோன்றினாலும், மேசையை ஆண்பாலாகவும் கதவைப் பெண்பாலாகவும் வைத்துவிட்டுச் சிறுமியை மட்டும் இரண்டிலும் சேர்க்காமல் விடுவதைக் கண்டு, உயர்திணை அஃறிணை பயின்று வளர்ந்த அவர் ஒரு வாரம் பாடத்தைப் புறக்கணிப்பதும் உண்டு.

ஏகலைவனின் துரோணர் வாய் திறவாத மண்பொம்மை. இவருடைய துரோணர் பேசுவார், கேட்கமாட்டார். கேள்வி கேட்டபின் அவர் நான்கு நொடி மௌனம் காப்பதால், உலகத்தாரும் அவ்வாறே காப்பர் என்று சீடர் நம்பிவிடுகிறார். எல்லை தாண்டி வந்த மலையாளக் குடும்பம் வழி கேட்கும்போது, அவர் அந்த மௌனத்தை எதிர்பார்த்து நிற்க, எந்தப் பதிவையும் கேட்டறியாத மங்குஸ்தான் விற்கும் அம்மாள் மலையாளத்திலேயே வழியைச் சொல்லி, அரைக் கிலோவும் நிறுத்துக் கொடுத்துவிடுகிறார். சீடர் மூன்றாம் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து ஓடவிடுகிறார்.