கப்பலில் வராத சரக்கு

அந்தமானின் அபர்தீன் பஜாரில் அண்ணாச்சியைத் தெரியாதவர் இல்லை. பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இவரைப் போல நாலு பேர் இருப்பார்கள். மளிகைக்கடை முதலாளி, கோயில் விழாக் குழு, சங்கத்துப் பொருளாளர் எல்லாம் அவரே. அவர் வாயில் ஓயாமல் புழங்கும் சொல், ‘சின்ன வேலை’.

“தம்பி, ஒரு சின்ன வேலை. பங்குனி உத்திரத்துக்கு நோட்டீஸ் டிசைன் பண்ணணும். உனக்கு அஞ்சு நிமிஷம்.”

முதல் நாள் முருகன் நடுவில் நின்றார். இரண்டாம் நாள் தலைவர் படம் வந்தது. மூன்றாம் நாள் துணைத் தலைவர்கள் ஆறு பேர் வந்தார்கள். நான்காம் நாள், வேல் செயலாளரின் காதை மறைப்பதாகப் புகார் வந்தது. கடைசியில் முருகன் தபால்தலை அளவுக்கு மூலையில் ஒதுங்கினார். மயிலுக்கு இடமே இல்லை.

காசு என்று வாயெடுத்தால் அண்ணாச்சி முகம் வாடிவிடும். “நம்ம ஊர்ப் பிள்ளைகிட்ட காசு பேசலாமா? அடியில உன் பேரைப் போட்டுக்கோ. நாலு பேருக்குத் தெரியும்.” போட்டேன். அச்சகத்தில் ஓரம் வெட்டியபோது பெயரும் போய்விட்டது.

2024-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. மறுநாளே லெட்டர்பேடு, ரசீதுப் புத்தகம், பெயர்ப்பலகை எல்லாம் என் மேசைக்கு வந்தன. “ஊர்ப் பேரையே மாத்தினது கவர்மென்ட். நீ ஒரு சொல்லைத்தானே மாத்தப்போற?”

அவர் கடையில் வெங்காய விலையைக் கேட்டுப் பாருங்கள். “சென்னையிலேர்ந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல தம்பி! கப்பல் வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, அழுகல் கழிவு...” என்று பாராயணம் செய்வார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தத் தீவில் விலை என்பது சரக்கோடு கப்பலேறி வருவது. என் டிசைன் கடல் தாண்டவில்லை, அழுகவும் இல்லை. அதற்கு ஏது விலை? விழாவுக்குச் சென்னையிலிருந்து வரும் பேச்சாளருக்கு விமான டிக்கெட், ஏசி அறை, கனமான கவர். மூன்று மணி நேரம் மேடையைக் கட்டி மேய்த்த உள்ளூர்த் தொகுப்பாளருக்கு, இந்தப் புழுக்கத்தில் ஒரு சால்வை.

அண்ணாச்சி கெட்டவர் அல்லர். நடுராத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் வண்டியை எடுப்பவர் அவர்தான். அந்த ஓட்டத்துக்கு அவரும் காசு வாங்கியதில்லை. வெங்காயத்தை மட்டும் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை.

போன மாதம் துணிந்து கேட்டுவிட்டேன். “உங்க அறுபதாம் கல்யாணத்துக்கு நான் எடுத்த படம் கல்லாவுக்கு மேலே தொங்குதே, அதுக்காவது ஏதாவது...”

யோசித்தார். கல்லாவைத் துழாவி ஒரு பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். “பின்பக்கம் பாரு. ஹாரியட் மலை, கலங்கரை விளக்கம், எல்லாம் நம்ம ஊர்தான். ராசியான நோட்டு, வச்சுக்கோ.”

நம் ஊர்ப் படத்துக்கு ரிசர்வ் வங்கி போட்ட மதிப்பே அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனாலும் கையை நீட்டவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம். சும்மா எடுத்துக் கொடுத்தா உரிமை எடுத்தவன்கிட்டயே நிக்கும். இந்த இருபதை வாங்கினா அதுவும் போயிடும்.”

அண்ணாச்சி அண்ணாந்து படத்தைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக அவரும் ஆச்சியும் அவரைத் திருப்பிப் பார்த்தார்கள். தன் கல்லாவுக்கு மேலே அடுத்தவன் சரக்கு. அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

“சரி தம்பி, எவ்வளவு?”

பதினைந்து வருஷத்தில் என்னிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் ஆற அமர ஆரம்பித்தேன்: “ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, அழுகல் கழிவு...”