நாற்பதா, நாற்பத்தாறா?

கேள்வி: சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. தவக்காலத்தை 40 நாள் என்கிறார்களே, கணக்கு இடிக்கவில்லையா?

பதில்: இடிக்கவில்லை. நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள். இயேசு உயிர்த்தெழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குட்டி ஈஸ்டர். கல்யாண வீட்டில் யாராவது பட்டினி கிடப்பார்களா? மிச்சம் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களும் அத்தனைதான்.

எனக்குப் பிடித்தது இந்தக் காலத்தின் இன்னொரு பெயர். சி.எஸ்.ஐ. சபையார் 'லெந்து' என்கிறார்களே, அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறித்தது. பகல் நீளும் பருவம் என்பது அதன் வேர்ப்பொருள். பனி உருகி, மண் இளகி, இங்கிலாந்து உழவன் ஏர் பூட்டும் நேரம். நாமோ துக்கக் காலம் என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போடுகிறோம். பெயர் துளிர்க்கச் சொல்கிறது. கீறாத நிலத்தில் விதை இறங்குமா? நோன்பும் ஓர் உழவுதான்.

சாம்பல் புதனன்று பூசும் சாம்பலையே பாருங்களேன். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் ஏந்திய ஓலைகளை எரித்த சாம்பல் அது! பச்சையாகக் கையில் இருந்தது, சாம்பலாக நெற்றிக்கு வருகிறது.

நோன்பு, செபம், தர்மம் மூன்றும் சேர்ந்ததே தவக்காலம். ஆகவே, நோன்புக்காகக் கறி வாங்காமல் மிஞ்சிய காசைப் பர்ஸிலேயே வைத்திருக்காதீர்கள். அடுப்பெரியாத வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும்; விசாரித்துக் கொடுங்கள்.