பூப்போட்ட அம்புமுனை

கேள்வி: பவளத்தை மோதிரத்தில் பதித்துப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் அதில் அம்புமுனை செதுக்குகிறார்களாமே, உடைந்துவிடாதா?

பதில்: உடைவதற்காகத்தானே தட்டுகிறார்கள்! அது நகைக்கடைப் பவளம் அல்ல. புளோரிடாவில் 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பவளப்பூச்சிகள் கட்டிய வீடு. சுண்ணாம்பு காலி செய்துகொண்டு போக, சிலிக்கா குடியேறிக் கல்லாக இறுகிவிட்டது. 1979-இல் அதை மாநிலக் கல்லாகவே அறிவித்தார்கள். அங்குள்ள பழங்குடிகள் கருவி செய்த கல்லும் இதுதான்.

சூடேற்றாத பச்சைக் கல் முரண்டு பிடிக்கும். மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டால் வழிக்கு வரும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் கல்லை வெடிக்கவைத்துவிடும். இரும்புச்சத்து இருந்தால் மஞ்சள் கல் சிவந்து வெளிவரும். பிறகு மான்கொம்பு நுனியால் விளிம்பை அழுத்தினால் மீன்செதில் போலச் சில்லு கழன்று விழும். சில்லு கழன்ற முகத்தில் பூப்பூவாகப் பவள அறைகள்! இந்த ஒரு காட்சிக்காகவே கற்றுக்கொள்ளலாம்.

கல்தூசி நுரையீரலுக்கு எமன். வெட்டவெளியில் உட்காருங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். முடித்ததும் உங்கள் பெயரைப் பொறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன வாரம் செய்ததை யாராவது 5,000 ஆண்டுப் பழசு என்று விற்றுவிடுவார்கள்.