கூலிக் கப்பலுக்குக் காயலான் கடை

மலாக்கா ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான மரக்கப்பல் ஒன்று நிற்கிறது. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைச் சூறையாடி, அள்ளிய செல்வத்தோடு கிளம்பிய ‘ஃப்ளோர் டி லா மார்’ கப்பலின் நகல் அது. அசல் சுமத்ரா பக்கம் போனபோதே மூழ்கித் தொலைந்தது. நமக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதைப் போலவே இன்னொன்று செய்து, அருங்காட்சியகமாக்கி, டிக்கெட் போட்டு நிறுத்திவிட்டோம். கொள்ளையடித்தவனையும் கொண்டாடும் பெருந்தன்மை வாழ்க!

அந்தப் பெருந்தன்மை பினாங்குக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

ரஜுலா கப்பலை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. ஆரம்பத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம் படுக்கை, தகரப் பெட்டி தலையணை. தோட்டத்துக்கு வந்த கூலிகளைப் பினாங்கில் நேரே ஊருக்குள் விடவில்லை. ஜெரெஜாக் தீவில் அடைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே அனுப்பினார்கள். பிற்பாடு அதே தீவில் ஸ்பாவோடு சொகுசு விடுதி வந்தது. பாட்டனை அடைத்துப் போட்ட மண்ணில் பேரனுக்குக் காசு கொடுத்தால் மசாஜ்!

1973இல் இந்தியக் கப்பல் கழகம் ரஜுலாவை வாங்கி, ‘ரங்கட்’ என்று பெயரை மாற்றி, கொஞ்ச காலத்திலேயே உடைக்கக் கொடுத்தது. நிரந்தர இடம் கிடைத்துவிட்டது: காயலான் கடை. பின்னாளில் போர்க்கப்பல் விக்ராந்தையே உடைத்து, அந்த இரும்பில் 2016இல் மோட்டார் சைக்கிள் விற்ற தேசத்துக்குக் கூலிக் கப்பல் எம்மாத்திரம்?

டில்லியைத் திட்டுவது சுலபம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடத்திய சமூகம் நாம். ஏழே வருஷம் கழித்து ரஜுலா கைமாறியபோது, ஒரு நங்கூரத்தையாவது, ஒரு மணியையாவது கேட்டு வாங்கி பினாங்கில் வைத்தோமா? 2008இல் யுனெஸ்கோ பட்டம் வந்தபோது மட்டும், பல இனம் கலந்த துறைமுக நகரம் என்று மார்தட்டினோம். அந்த இனங்கள் என்ன, வானத்திலிருந்தா குதித்தன?

இன்று ரஜுலாவுக்கு ஒரு நகல் செய்து துறையில் கட்டலாம் என்று யாராவது சொல்லட்டும், நடப்பதை நானே சொல்லிவிடுகிறேன். முதலில் குழு அமையும். அதற்குத் தலைவர் யார் என்று அடிதடி நடந்து, குழு இரண்டாகும். இரண்டு குழுவும் தனித்தனியாக விருந்து வைத்து, ஒரே அமைச்சருக்கு இரண்டு பொன்னாடை போர்த்தும். அமைச்சர் ‘பரிசீலிக்கிறோம்’ என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். கடைசியில் துறையில் இடம் இல்லை என்று கடிதம் வரும். பக்கத்திலேயே ஸ்வெட்டன்ஹாம் துறையில், அடுக்குமாடி உயரத்துக்குச் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும்!

துறை கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ‘சூராட் காபார் லாமா’ (பழைய பேப்பர்) என்று கூவிக்கொண்டு வேன் வரும்போது, தாத்தாவின் தகரப் பெட்டியையும் பழைய கடப்பிதழையும் எடுத்துப் போடாதீர்கள். ரஜுலாவில் வந்தவற்றில் நம் கையில் மிச்சம் இருப்பது அவைதான்.